தலைகளை எண்ணி மீன்களை அளக்கலாமா?

அமெரிக்காவின் வடபகுதியில், பேரேரிகளை ஒட்டி விஸ்கான்சின் என்றொரு மாநிலம் உள்ளது. 2005 ஏப்ரலில் அம்மாநில மக்கள் முன் ஒரு கேள்வி வைக்கப்பட்டது. உரிமையாளர் எவருமின்றித் திரியும் பூனைகளைச் சுட்டுக் கொல்வதற்கு அனுமதிக்கலாமா என்பதே அக்கேள்வி. கூட்டங்களுக்கு வந்தவர்களில் 6,830 பேர் அனுமதிக்கலாம் என்று வாக்களித்தனர். 5,201 பேர் கூடாது என்றனர். காட்டுப் பறவைகளைப் பூனைகள் பெருமளவில் கொல்கின்றன என்பது ஆதரித்தோரின் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. எனினும் நாடெங்கும் எழுந்த எதிர்ப்பைக் கண்டு, மாநிலத்தின் அன்றைய ஆளுநர் ஜிம் டாயில் இது சட்டமாகாது என்று அறிவித்துவிட்டார். வாக்கில் ஒரு தரப்பு வென்றது, பூனைகளோ பிழைத்துக்கொண்டன.

பூனைக்குட்டியின் மீது கொண்ட பரிவால் அபூஹுரைரா என்னும் பெயரே நிலைத்துவிட்ட நபித்தோழரை அறிந்தவர்கள் நாம். இச்செய்தியைக் கேட்டதும் நம் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆயினும், இதை ஒரு வேடிக்கைச் செய்தியாகக் கருதிக் கடந்து செல்வது முறையன்று. இதனுள் ஒரு பெரிய கேள்வி அடங்கியிருக்கிறது. எந்த உயிரினத்தை, எந்தக் காலத்தில், எவ்வளவு பிடிக்கலாம், யார் பிடிக்கலாம் என்பதையெல்லாம் வாக்கெடுப்பின் மூலம் முடிவு செய்யலாமா? பெரும்பான்மையினர் கையுயர்த்திவிட்டால் அது நீதியாகிவிடுமா? சிறுபான்மையாக வாழும் நமக்கு இக்கேள்வி அயலானது அன்று.

ஊர் கூடிப் பேசும் முறை

முதலில் விஸ்கான்சினின் நல்ல பக்கத்தைச் சொல்லிவிடுவோம். 1934-ஆம் ஆண்டு முதல் அங்கே 'இயற்கைவளப் பாதுகாப்புப் பேரவை' என்னும் அமைப்பு இயங்கி வருகிறது. மாநிலத்திலுள்ள 72 மாவட்டங்களிலிருந்தும் பொதுமக்களே தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து இப்பேரவைக்கு அனுப்புகின்றனர். ஆண்டுதோறும் இளவேனிற் காலத்தில் எல்லா மாவட்டங்களிலும் ஒரே மாலைப்பொழுதில் மக்கள் கூடுவது நெடுங்கால வழக்கம். இந்த ஏரியில் ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை மீன் பிடிக்கலாம், எந்த அளவுக்குக் குறைந்த மீனைத் திரும்ப நீரில் விட வேண்டும், மான் வேட்டையை எந்த நாளில் தொடங்கலாம் என்பன போன்ற கேள்விகள் அங்கே வாக்குக்கு விடப்படும். அண்மைக் காலத்தில் இணையவழி வாக்களிப்பும் சேர்ந்துகொண்டது.

இவ்வாக்குகள் ஆலோசனை என்ற அளவிலேயே நிற்கும். விதிகளை இயற்றும் பொறுப்பு, ஆளுநரால் நியமிக்கப்படும் எழுவர் கொண்ட இயற்கைவள வாரியத்திடம் இருக்கிறது. மக்களின் விருப்பம் ஒருபுறமும், துறை சார்ந்த உயிரியல் அறிஞர்களின் கணக்கு மறுபுறமும் அதன் முன் வைக்கப்படும். தூண்டில்காரரும் பறவை நேசரும் உழவரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுகின்றனர். இதனை நம் மொழியில் மஷூரா என்று சொல்லலாம். கலந்தாலோசித்துக் காரியமாற்றுவதை இறைநம்பிக்கையாளரின் பண்பாகவே திருக்குர்ஆன் எடுத்துரைக்கிறது. ஆகவே இம்முறையின் அடிப்படையில் நமக்குக் குறை காண ஏதுமில்லை. ஆனால் இதே மாநிலத்தின் வரலாறு, வாக்கின் எல்லை எங்கே முடிகிறது என்பதையும் நமக்குக் காட்டித் தருகிறது.

காடு தாங்கும் அளவு

ஆல்டோ லியோபோல்டு என்பவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் காட்டுயிர் மேலாண்மைப் பேராசிரியராக இருந்தவர். 1943-இல் மாநிலத்தின் பாதுகாப்பு ஆணையத்தில் அவர் உறுப்பினரானார். அக்காலத்தில் வடபகுதிக் காடுகளில் மான்கள் மிகையாகப் பெருகியிருந்தன. இளமரக் கன்றுகளை அவை மேய்ந்து தீர்த்தன. கடுங்குளிர் காலத்தில் உணவின்றி மடிந்தன. கொம்புள்ள கலைமான்களை மட்டும் வேட்டையாடி, பிணைமான்களைத் தொடாது விடும் பழைய வழக்கமே இதற்கு ஒரு காரணம் என்றும், பிணைமான்களையும் ஓரளவு குறைத்தாக வேண்டும் என்றும் அவர் வாதிட்டார்.

மக்கள் கொதித்தெழுந்தனர். வேட்டைக்காரர்களும், சுற்றுலாப் பயணிகளை நம்பி விடுதி நடத்தியோரும் அவரைக் கடுமையாகச் சாடினர். 'விஸ்கான்சின் மான்களைக் காப்போம்' என்னும் பெயரில் இதற்கெனவே ஒரு செய்தித்தாள் வெளிவந்தது. 1948-இல் அண்டை நிலத்தில் பற்றிய தீயை அணைக்கச் சென்ற இடத்தில் மாரடைப்பால் உயிர் நீக்கும் வரை, இந்தப் பழிச்சொல் அவரை விட்டு நீங்கவில்லை. அவர் மறைந்த பின்னரே அவர் சொன்ன வழி மெல்லத் திறந்தது.

அம்மக்கள் மான்களை வெறுத்தவர்கள் அல்லர், நேசித்தவர்கள். ஆனால் ஒரு காடு எத்தனை மான்களைத் தாங்கும் என்பது நேசத்தைக் கொண்டு அறியப்படும் செய்தியன்று. அதை அளந்துதான் அறிய வேண்டும். ஒரு நோயாளிக்கு எத்தனை வேளை மருந்து கொடுப்பது என்று வீட்டார் அனைவரும் கூடி வாக்கெடுப்பதில்லை. அந்நோயாளியை எந்த மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது, செலவை யார் ஏற்பது என்பவற்றைக் கூடிப் பேசலாம், பேசவும் வேண்டும். வாக்கு விருப்பத்தைச் சொல்லும், அளவைச் சொல்லாது. இது முதல் எல்லை.

மூன்று நாள்களுக்குள் 218 ஓநாய்கள்

ஆலோசனை முறை எவ்வளவு நன்றாக அமைந்திருந்தாலும், அரசியல் அதன் தலைக்கு மேல் தாவிச் செல்ல முடியும். 2012-இல் விஸ்கான்சின் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஓநாய்க்கு நடுவண் அரசு அளித்துள்ள பாதுகாப்பு நீங்கிவிட்டால், மாநிலம் ஓநாய் வேட்டைக்கு அனுமதி அளித்தே ஆக வேண்டும் என்பது அதன் சாரம். வேட்டை நடத்தலாமா, எப்போது நடத்தலாம் என்று அறிஞர்கள் ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டியதைச் சட்டமே முன்கூட்டி முடிவு செய்துவிட்டது.

2021 சனவரியில் அப்பாதுகாப்பு நீங்கியது. அந்த ஆண்டின் இறுதியில் வேட்டை நடத்தலாம் என்று துறையினர் எண்ணியிருந்தனர். வேறொரு மாநிலத்தைச் சேர்ந்த வேட்டையாளர் அமைப்பு வழக்குத் தொடர்ந்தது. வேட்டையை உடனே தொடங்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. பிப்ரவரி ஓநாய்கள் இணைசேரும் காலம். மக்களின் கருத்தைக் கேட்க நேரமில்லை; பழங்குடியினரோடு முறையாகக் கலந்து பேசவும் நேரமில்லை. பொதுவான வேட்டைக்காரர்களுக்கு ஒதுக்கப்பட்ட எண்ணிக்கை 119. மூன்று நாள்கள் நிறைவடையும் முன்னரே வேட்டை நிறுத்தப்பட்டது. ஆயினும் அதற்குள் 218 ஓநாய்கள் கொல்லப்பட்டுவிட்டன. நிறுத்துவதற்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிக்க வேண்டும் என்று அதே சட்டம் விதித்திருந்ததால், அதிகாரிகளால் உடனே தடுக்கவும் இயலவில்லை.

அதே ஆண்டு மே மாதத்தில் இயற்கைவள வாரியத் தலைவரின் பதவிக்காலம் முடிந்தது. ஆளுநர் வேறொருவரை நியமித்தார். ஆனால் புதியவரை மாநில மேலவை உறுதி செய்யும் வரை தாம் விலகப் போவதில்லை என்று பழையவர் அமர்ந்தே இருந்தார். ஆகஸ்டில் துறையினர் அடுத்த வேட்டைக்கு 130 என்ற எண்ணைப் பரிந்துரைத்தனர். வாரியமோ 300 என்று தீர்மானித்தது. அந்த வேட்டையை நீதிமன்றம் தடுத்தது. 2022-இல் ஓநாய்க்குரிய பாதுகாப்பை மற்றொரு நீதிமன்றம் மீட்டுத் தந்தது. தலைவர் பதவியில் நீடித்தது சட்டப்படி செல்லும் என்று மாநில உச்ச நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. சட்டப்படி செல்லுபடியானது எல்லாம் அமானிதத்தைப் பேணியதாக ஆகிவிடாது. பொறுப்பு என்பது இறைவன் முன் பதில் சொல்ல வேண்டிய ஒன்று என்று நம்புகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எண்ணிக்கையால் அழியாத உடன்படிக்கை

அந்த ஓநாய் வேட்டையில் இன்னொரு தரப்பும் இருந்தது. ஒஜிப்வே என்னும் பழங்குடியினருக்கு 81 ஓநாய்கள் பங்காக ஒதுக்கப்பட்டிருந்தன. ஓநாயைத் தம் உடன்பிறப்பாகக் கருதுகிறவர்கள் அவர்கள். தம் பங்கை வேட்டையாடாமல் விட்டுவைப்பதற்காகவே அதைக் கோரியிருந்தனர். அவர்கள் காக்க நினைத்ததும் சேர்ந்தே பறிபோயிற்று.

ஒஜிப்வே மக்களுக்கு ஏன் தனிப்பங்கு? 1837, 1842 ஆகிய ஆண்டுகளில் அவர்கள் அமெரிக்க அரசுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, பரந்த நிலத்தை விட்டுக்கொடுத்தனர். அந்நிலத்தில் வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் தமக்குள்ள உரிமையை மட்டும் தக்கவைத்துக் கொண்டனர். காலம் செல்லச் செல்ல அரசு அதை மறந்துவிட்டது. 1974-இல் ஈட்டியால் மீன் குத்திய பழங்குடிச் சகோதரர் இருவர் கைது செய்யப்பட்டனர். வழக்கு நடந்தது. 1983-இல் நடுவண் மேல்முறையீட்டு நீதிமன்றம், உடன்படிக்கை உரிமை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று தீர்ப்பளித்தது.

அதன்பின் நடந்தவை வேதனைக்குரியவை. வால்-ஐ என்று அங்கே அழைக்கப்படும் ஏரிமீனைப் பிடிக்க, 1980-களின் பிற்பகுதியில் ஒவ்வோர் இளவேனிலிலும் பழங்குடியினர் இரவில் படகுத்துறைக்கு வந்தபோது, பெருங்கூட்டம் திரண்டு நின்று இழிசொற்களை வீசியது, கற்களையும் வீசியது. காவலர் அணிவகுத்து நிற்க, அவர்கள் மீன் பிடித்தனர். 'எங்கள் ஏரியை இவர்கள் காலி செய்கிறார்கள்' என்பது கூட்டத்தின் குற்றச்சாட்டு. நடுவண் அரசு, மாநில அரசு, பழங்குடியினர் ஆகிய முத்தரப்பு அறிஞர்களும் கூடி 1991-இல் வெளியிட்ட அறிக்கை, ஈட்டியால் மீன் பிடித்தலால் அந்த மீன்வளத்துக்குக் கேடு விளையவில்லை என்று தெளிவுபடுத்தியது. தூண்டில்காரர்கள் பிடித்த மீன்களே எண்ணிக்கையில் மிகுதி. உரிமையைச் சில ஆண்டுகள் பயன்படுத்தாமல் இருந்தால் பல கோடி டாலர் தருகிறோம் என்று மாநிலம் முன்வந்தபோது, லாக் டு ஃப்ளாம்போ என்னும் ஊரின் ஒஜிப்வே மக்கள் தம்முள் வாக்கெடுத்து அதை மறுத்துவிட்டனர்.

அன்று மாநிலம் முழுவதும் வாக்கெடுத்திருந்தால் அந்த உரிமை நிலைத்திருக்குமா என்பது ஐயமே. ஆனால் அந்த உரிமை வாக்கினால் வந்ததன்று. கொடுத்த வாக்கினால் வந்தது. இவ்விரண்டையும் பிரித்தறிய நமக்கு நபி (ஸல்) அவர்களின் வாழ்வே போதுமானது. உஹதுப் போருக்கு முன், மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்ளலாம் என்பது அவர்களின் எண்ணமாக இருந்தது. வெளியே சென்று போரிட வேண்டும் என்று தோழர்களில் பலர் விரும்பியபோது, அவர்களின் ஆலோசனையை ஏற்றுப் புறப்பட்டார்கள். ஹுதைபிய்யாவிலோ நிலைமை வேறு. உடன்படிக்கையின் நிபந்தனைகள் தோழர்கள் பலருக்குப் பெரும் மனவருத்தத்தை அளித்தன. உமர் (ரலி) அவர்களே வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார்கள். சங்கிலியோடு தப்பி வந்த அபூஜந்தல் (ரலி) அவர்களைத் திருப்பி அனுப்பும் துயரமும் நேர்ந்தது. ஆயினும் கொடுத்த வாக்கை நபி (ஸல்) அவர்கள் மாற்றவில்லை. உத்திகளில் பலரின் ஆலோசனைக்கு இடமுண்டு. உடன்படிக்கையை முறிக்கப் பலர் கூடினாலும் இடமில்லை. இது இரண்டாம் எல்லை.

தொலைவிலிருந்து விழும் வாக்கு

மூன்றாவது எல்லையைப் புளோரிடா மாநிலத்தில் காணலாம். அங்கே 1994 நவம்பரில் கடல்மீன் வலைகளைக் குறித்து அரசமைப்புத் திருத்தம் ஒன்று நேரடியாக வாக்குக்கு வந்தது. மாநிலக் கடற்பரப்பில் செவுள் வலைகளை அடியோடு தடை செய்வதும், கரையோர நீரில் பிற வலைகளின் அளவை 500 சதுர அடிக்குள் கட்டுப்படுத்துவதும் அதன் நோக்கம். பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோரின் அமைப்புகள் பெரும் பரப்புரை செய்தன. 72 விழுக்காட்டினர் ஆதரித்தனர். 1995 சூலையில் தடை நடைமுறைக்கு வந்தது.

இதற்கு நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. மீன்வளம் குறைகிறது என்ற கவலை உண்மையானது. அரசு அமைப்புகள் மெத்தனமாக நடந்துகொள்கின்றன என்ற சலிப்பும் மக்களிடம் இருந்தது. ஆனால் வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் நகரவாசிகள். தலைமுறை தலைமுறையாக மடவை மீனை வலையிட்டுப் பிழைத்த சிற்றூர்க் குடும்பங்களோ சில ஆயிரம் மட்டுமே. ஒரே நாளில் எடுத்த முடிவால் அவர்களின் தொழில் போயிற்று. அரசு அவர்களின் வலைகளை விலைக்கு வாங்கிக்கொண்டது. சீடர் கீ போன்ற ஊர்களில் சிலர் பயிற்சி பெற்று மட்டி வளர்ப்புக்கு மாறித் தழைத்தனர். எல்லாருக்கும் அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

2020-இல் கொலராடோ மாநிலத்தில் ஓநாய்களை மீண்டும் கொண்டுவந்து விடுவதற்கு நடந்த வாக்கெடுப்பிலும் இதே சாயலைக் காணலாம். 50.9 விழுக்காட்டினர் ஆதரிக்க, தீர்மானம் நூலிழையில் வென்றது. வாக்குகள் மிகுதியாக விழுந்தது கிழக்கே உள்ள நகரங்களில். ஓநாய்களை விட வேண்டிய இடமோ மேற்கே உள்ள மேய்ச்சல் நிலம். அங்குள்ள பெரும்பாலான மாவட்டங்கள் எதிர்த்தே வாக்களித்தன. 2023 திசம்பரில் முதல் பத்து ஓநாய்கள் விடப்பட்டன. அடுத்த ஆண்டே கால்நடைகள் இரையாகத் தொடங்கின. இழப்பீடு தரச் சட்டத்தில் வழி உண்டு என்பது ஓர் ஆறுதல். ஓநாய் மீண்டும் தன் காட்டுக்கு வருவது நல்லதே. அந்த நன்மைக்கான விலையை இன்னொருவர் தலையில் ஏற்றிவிட்டு நாம் மகிழ்வது மட்டும் நல்லதன்று. முடிவின் சுமை யார் மீது விழுகிறதோ, அவர்களின் குரல் முதலில் கேட்கப்பட வேண்டும். இது மூன்றாம் எல்லை.

வாக்கு ஒரே திசையில் செல்லும் கருவியுமன்று. வலைகளுக்குத் தடை விதித்த அதே புளோரிடாவில் 2024-இல் வேட்டையாடுவதும் மீன் பிடிப்பதும் அரசமைப்பு வழங்கும் உரிமை என்று ஒரு திருத்தம் ஏறத்தாழ 67 விழுக்காடு ஆதரவோடு நிறைவேறியது. இன்று உயிரினங்களைக் காக்க வாக்குச்சீட்டை நாடுவோர், நாளை அதே சீட்டு எதிர்த்திசையில் பயன்படுவதையும் காண நேரும்.

வாக்கே வேண்டாமா?

'அப்படியானால் எல்லாவற்றையும் அதிகாரிகளிடம் விட்டுவிடலாமா?' என்று நம் வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அறிஞர் என்ற பெயரில் பெருமுதலாளிகளுக்குத் துணைபோகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். மக்களின் கண் படாத இடத்தில் அமானிதம் களவு போகும். ஆகவே கூடிப் பேசுவதும் வாக்கெடுப்பதும் கட்டாயம் வேண்டும். அவை ஆலோசனையாகவும் கண்காணிப்பாகவும் இருக்கட்டும். அறிவை மீறவும், உடன்படிக்கையை முறிக்கவும், எளியோரின் பிழைப்பை அவர்களைக் கேளாமலே பறிக்கவும் அவை உரிமம் ஆகக்கூடாது என்பதே நம் நிலைப்பாடு.

வேட்டையைப் பற்றி நம் மார்க்கத்திற்கும் சொல்ல இருக்கிறது. ஹலாலான வேட்டையை அது அனுமதிக்கிறது. கடல் உணவை அருட்கொடையாகக் காட்டுகிறது. எனினும் இஹ்ராம் அணிந்தவருக்குத் தரைவாழ் பிராணிகளை வேட்டையாடத் தடை விதிக்கிறது. கைக்கு எட்டும் தொலைவில் மான் நின்றாலும் அவர் கை நீள்வதில்லை. புனித ஹரம் எல்லைக்குள் வேட்டைப் பிராணியை விரட்டவும் அனுமதியில்லை. இந்த விதிகள் எவருடைய வாக்கையும் கேட்டு வந்தவையல்ல. எடுக்க முடிந்தும் எடுக்காமல் நிற்கும் பயிற்சியை அவை தருகின்றன. அப்பயிற்சி உள்ளத்தில் இல்லாவிட்டால், எந்த வாக்கெடுப்பும் எந்த வாரியமும் ஓர் ஏரியையோ காட்டையோ காத்துத் தர முடியாது.

நம் கரையிலும் இந்தக் கேள்வி வேறு உருவில் நிற்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. பாக் நீரிணைப் பகுதியில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்னும் பங்கீடு நெடுங்காலமாக இருந்து வருகிறது. மோதல்களுக்குப் பின், இரு சாராரும் வாழ வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு அது. விசைப்படகின் வலிமையையும் நாட்டுப்படகின் எண்ணிக்கையையும் எடைபோட்டு வென்றவருக்கே கடல் என்று விட்டிருந்தால், இருவரில் ஒருவர் என்றோ கரையேறியிருப்பார். அந்தப் பங்கீட்டை மீறுவதும் கொடுத்த வாக்கை மீறுவதே.

அமெரிக்காவில் குடியேறியுள்ள நம் பிள்ளைகளின் கைக்கு ஒருநாள் இத்தகைய வாக்குச்சீட்டு வரலாம். ஊரிலிருக்கும் நமக்கு ஜமாஅத்திலும் ஊராட்சிக் கூட்டத்திலும் மீனவர் சங்கத்திலும் கையுயர்த்தும் வேளை அடிக்கடி வருகிறது. கையை உயர்த்துமுன் மூன்று கேள்விகளை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம். இதன் உண்மை அளவை அறிந்தவரிடம் கேட்டோமா? இதில் எவருக்கேனும் கொடுத்த வாக்கு உள்ளதா? இதன் சுமையைத் தாங்கப் போகிறவர் இந்த அவையில் இருக்கிறாரா? மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டு உயர்த்தும் கை, தோற்றாலும் இறைவன் முன் தலைகுனிய வேண்டியிராது.

வாயற்ற உயிர்களும் வலிமையற்ற மனிதர்களும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். அவற்றைப் பேணி நடக்கும் நல்லுணர்வை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.